மனத்தைப் பழக்குவது: எதிர்மறை எண்ணம், தீராத வலி, வாழ்க்கை மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களும், வேலை, துணை, ஊர் என்று ஏதோ ஒன்றை இழந்து தடுமாறி நிற்பவர்களும் கலந்துகொள்ளும் வாராந்தரப் பயிற்சி ஒன்றை எங்கள் ஊர் நூலகத்தின் மாடியறையில் நடத்தி வருகிறேன். உளவியல் ஆலோசனைதான் என் தொழில். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்கத் தயங்கி வராமலே இருந்துவிடுகிறவர்களின் மனத்திலும் இவையே இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே வைத்து விடை எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

1. மனசைப் பழக்குறதுன்னா என்ன? தியானமா, இல்ல பாசிட்டிவ் திங்கிங்கா?

தியானம் இதில் ஒரு பகுதி; பாசிட்டிவ் திங்கிங்குக்கு இதில் இடமில்லை. நல்லதே நடக்கும் என்று மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதை நான் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. நடக்காமல் போகும்போது, அப்படிச் சொல்லிக்கொண்டவர் முன்பைவிட அதிகமாக உடைந்துபோகிறார். நாங்கள் பழகுவது வேறு. ஒரு எண்ணமோ வலியோ வந்தவுடன் வந்திருக்கிறது என்று கண்டுகொள்வது, அது சொல்வதை அப்படியே நம்பிவிடாமல் சற்று நின்று பார்ப்பது, அது போகட்டும் என்று காத்திராமல் அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது ஆகியவையே அந்தப் பழக்கம்.

இதற்குப் பின்னால் இரண்டு மரபுகள் உள்ளன. பிலடெல்பியாவில் மனநல மருத்துவராக இருந்த ஆரோன் பெக், 1960களில், மனச்சோர்வோடு வந்தவர்களின் உள்ளத்தில் அவர்கள் அறியாமலே ஓடிக்கொண்டிருக்கும் சிறு சிறு வாக்கியங்களைக் கவனித்து, அவை உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்று மருத்துவமனைகளில் சிபிடி என்று சொல்லப்படும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. மற்றொன்று பௌத்தத் தியானத்திலிருந்து வந்தது. மருந்தும் அறுவைச் சிகிச்சையும் கைகொடுக்காத வலியோடு இருந்தவர்களுக்காக, ஜான் கபட்-ஜின் என்பவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், அந்தத் தியானத்தைச் சமயச் சடங்கு எதுவும் கலக்காமல் வாராந்தர வகுப்புகளாக வகுத்துக் கொடுத்தார். எங்கள் பயிற்சி இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டதுதான்.

2. கெட்ட எண்ணமே வரக்கூடாது. அதுக்கு என்ன வழி?

அப்படி ஒரு வழி இல்லை. அதைத் தேடி அலைவதுதான் பலரைக் களைப்படையச் செய்கிறது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்றும், நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட, அடக்கிப் பார்த்தவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்கக்கூடாது என்றால், அது வந்துவிட்டதா என்று மனம் இடைவிடாமல் காவல் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலே அதை அழைத்து வந்துவிடுகிறது.

நம் வீடுகளில் இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. கெட்டதை நினைத்தால் நடந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கைக்குழந்தையோடு மொட்டைமாடியில் நிற்கும் தாய்க்கு, கீழே போட்டுவிடுவேனோ என்று ஒரு கணம் தோன்றி மறைவது மிகச் சாதாரணம். அதைக் கண்டு நடுங்கி, தான் தாயே இல்லை என்று தன்னைத் தண்டித்துக்கொள்பவருக்குத்தான் அது நாள் முழுதும் திரும்பி வருகிறது. எண்ணம் வருவது ஒருவருடைய குணத்துக்குச் சான்று ஆகாது. வருகிற எண்ணத்துக்கு அவர் பொறுப்பாளியும் அல்லர்.

3. 'எண்ணம்தானே, விட்டுத் தள்ளு'ன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படித் தள்ளுறது?

தள்ள வேண்டாம், எழுதுங்கள். பெக் வழியில் வந்த மிக எளிய பயிற்சி இது: என்ன நடந்தது, மனத்தில் என்ன வாக்கியம் ஓடியது, உடம்பில் என்ன ஆனது, அந்த வாக்கியத்துக்குச் சான்று என்ன, மாற்றுச் சான்று என்ன என்று தனித்தனியாகக் குறிப்பது. எங்கள் பயிற்சிக்கு வரும் ஓர் அம்மா படித்துக் காட்டி, பகிர்ந்துகொள்ள அனுமதித்த பக்கம் இப்படி இருந்தது. 'மதியம் 3 மணி. மகளை இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஏதோ ஆகிவிட்டது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை சில்லிட்டுவிட்டது. சான்று: எடுக்கவில்லை. மாற்றுச் சான்று: இன்று செவ்வாய்க்கிழமை, அவளுக்கு மீட்டிங் உண்டு. போன செவ்வாயும் எடுக்கவில்லை, ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.' இவற்றின் கீழே, 'ஐந்து மணிவரை காத்திருப்பேன். அதுவரை முருங்கைக்கீரை ஆய்வேன்' என்று எழுதியிருந்தார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பயம் போய்விட்டது என்று அவர் எழுதவில்லை. போயிருக்கவும் இல்லை, ஐந்து மணிவரை இருந்துகொண்டேதான் இருந்ததாம். ஆனால் மகளின் அலுவலகத்துக்கும், அவளுடைய தோழிகளுக்கும், மாப்பிள்ளைக்கும் வரிசையாகப் போன் போடும் வழக்கம் அன்றைக்கு நின்றது. அந்த ஒரு மதியத்தைக் கடந்ததில் அவருக்குக் கிடைத்த அனுபவத்தை எந்த அறிவுரையும் கொடுத்திருக்க முடியாது.

4. எழுத உட்கார்ந்தா அதே விஷயம் இன்னும் பெருசாகுதே. எழுதாம இருக்குறதே நல்லதில்லையா?

எழுதுவதற்கும் அசைபோடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் தீரும். அசைபோடும் மனம் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி', 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று விடையில்லாத கேள்வியையே சுற்றிச் சுற்றி வரும். 1989இல் கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் சூசன் நோலன்-ஹோக்சமா என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையைக் குறித்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது, துன்பத்தை இப்படி அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது.

ஆகவே எழுதும்போது 'ஏன்' என்பதை விட்டுவிட்டு, 'என்ன நடந்தது', 'இப்போது என்ன செய்யலாம்' என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். மனத்தை அழுத்தும் அனுபவங்களை எழுதச் செய்து 1980களில் ஆராய்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கர்கூட ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் என்று மூன்று நான்கு நாட்களுக்குத்தான் எழுத வைத்தார். எழுதி முடித்தவுடன் நோட்டை மூடிவிட்டு, கை கால் அசையும் ஒரு வேலையில் இறங்குவது அவசியம்.

5. பகல்ல சமாளிச்சுடுறேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்து எல்லாம் வரிசையா வந்து நிக்குது.

அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், எந்த எண்ணத்தோடும் வாதாடாதீர்கள். உடம்பு தூக்கத்தில் பாதியும் விழிப்பில் பாதியுமாக இருக்கும் அந்த வேளையில் எல்லாச் சிக்கலும் பெரிதாகத்தான் தெரியும். மூன்றாவது விடையில் சொன்ன பயிற்சிகூட அப்போது உதவாது. இருபது நிமிடம் போலப் படுத்துப் பார்த்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுவாரசியம் இல்லாத எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்புங்கள். போனைத் தொடாதீர்கள். விடிந்ததும் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்.

மாலையில், விளக்கு வைத்த பிறகு அரைமணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கிவைப்பது பலருக்கு உதவியிருக்கிறது. இரவில் வருவதை 'இதற்கு நாளை ஆறு மணி' என்று ஒத்திவைக்க முடிகிறது. மனம் அதை உடனே ஏற்காது. சில வாரம் பழக வேண்டும்.

6. கண்ணை மூடி அஞ்சு நிமிஷம்கூட உட்கார முடியல. எனக்கெல்லாம் இது வராதோ?

மனம் அலைவது தோல்வி அல்ல. மூச்சைக் கவனிக்க உட்காருகிறீர்கள். நான்காவது மூச்சிலேயே கேஸ் புக் செய்தோமா என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, அலைந்துவிட்டோம் என்று தெரிகிறது. திரும்பி மூச்சுக்கு வருகிறீர்கள். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. ஒரு தடவை உட்காரும்போது நூறு முறை அலைந்து நூறு முறை திரும்பினால், நூறு முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்றே பொருள். மனத்தை வெறுமையாக்க வேண்டும் என்று எங்கோ கேட்டதை மறந்துவிடுங்கள்.

உட்காரவே முடியாதவர்கள் நடக்கலாம். பாத்திரம் துலக்கும்போது தண்ணீரின் சூட்டையும் நாரின் சொரசொரப்பையும் கவனிக்கலாம். மூச்சை வெளிவிடும் நேரத்தை, உள்ளிழுக்கும் நேரத்தைவிட நீளமாக வைத்துக்கொண்டு ஐந்தாறு முறை விட்டுப் பாருங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது என்பதால், படபடப்போடு வருகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வது.

7. தினம் எவ்வளவு நேரம் செய்யணும்? எத்தனை நாள்ல பலன் தெரியும்?

கபட்-ஜின் வகுத்த மூலப் பயிற்சி எட்டு வாரம். வாரத்துக்கு இரண்டரை மணிநேர வகுப்பு, அதோடு வீட்டில் நாளொன்றுக்கு 45 நிமிடம். நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த 45 நிமிடம் எளிதில் கிடைப்பதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஆனால் அதைத் தினமும் ஒரே வேலையோடு சேர்த்துவிடுங்கள். காலைக் காபிக்குப் பாலை அடுப்பில் வைக்கும் முன், அல்லது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்று இடமும் வேளையும் மாறாமல் இருப்பது முக்கியம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் அச்சான ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள்வரை ஆனது. நடு அளவு 66 நாள். ஆகவே இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரிந்தது. அமாவாசை, கல்யாணம், காய்ச்சல் என்று ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

8. எனக்கு வலி உடம்புல. மனசுக்குப் பயிற்சி கொடுத்தா இடுப்பு வலி எப்படிப் போகும்? நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கண் கலங்கக் கேட்டவர்கள் பலர். 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே' என்று வீட்டாரும், சில வேளை மருத்துவமனையிலும், சொல்லக் கேட்டு நொந்தவர்கள் அவர்கள். உங்கள் வலி உண்மை. ஸ்கேனில் எதுவும் தெரியாத வலியும் உண்மை. வலியை ஆராயும் உலகளாவிய மருத்துவச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையிலேயே, வலி என்பது உடலுணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றும், தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது.

திசுவில் உள்ள காயமும் நாம் உணரும் வலியும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், படுகாயமடைந்த வீரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிமருந்து வேண்டாம் என்று சொன்னதைக் கண்டு 1946இல் எழுதினார்; உயிரோடு போர்முனையை விட்டு வெளியேறுகிறோம் என்பது அவர்களுக்கு அந்தக் காயத்தின் பொருளையே மாற்றியிருந்தது. எதிர்முனையில், வெட்டி எடுக்கப்பட்டு இல்லாமலே போன கையில் தாங்க முடியாத வலியை உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில், ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியச் செய்து, அவர்களில் சிலருக்கு அந்த வலி தணிவதைக் காட்டினார். உடம்பிலிருந்து வரும் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் தண்டுவடத்திலேயே ஒரு வாயில் இருக்கிறது என்ற கருத்தை ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இலேயே முன்வைத்துவிட்டார்கள். பயம், தூக்கமின்மை, தனிமை ஆகியவை வலியைக் கூட்டுகின்றன. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வும் மெல்லிய உடலசைவும் குறைக்கின்றன.

வலி முழுதும் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். சியாட்டிலில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 342 பேரைக் கொண்டு செய்து 2016இல் வெளியான ஆய்வில், 26 வாரங்களுக்குப் பிறகு, தியானப் பயிற்சி பெற்றவர்களில் 60 சதவீதத்தினரும் சிபிடி பெற்றவர்களில் 58 சதவீதத்தினரும் அன்றாட வேலைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 44 சதவீதம். அதாவது உதவி உண்டு, எல்லாருக்கும் இல்லை, வழக்கமான சிகிச்சையிலும் பலர் தேறுகிறார்கள். இந்த அளவுக்கு எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம் இருக்காது.

9. வலியை மறக்கத்தான் எல்லாரும் சொல்வாங்க. நீங்க அதையே கவனின்னு சொல்றீங்களே, கூடத்தானே செய்யும்?

கடுமையான, திடீர் வலியில் கவனத்தைத் திருப்புவதுதான் சரி; பல் பிடுங்கும்போது பாட்டுக் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் இருக்கும் வலியை மறந்துகொண்டே காலம் தள்ள முடியாது என்பதால்தான் வேறு வழி வேண்டியிருக்கிறது. படுத்துக்கொண்டு, கால் விரலிலிருந்து தலைவரை உடம்பை மெதுவாகக் கவனித்துக்கொண்டு வாருங்கள். வலிக்கும் இடத்துக்கு வந்ததும், வலி என்ற ஒற்றைச் சொல்லால் அதை மூடிவிடாமல், எரிகிறதா, இழுக்கிறதா, குத்துகிறதா, விட்டு விட்டு வருகிறதா, ஓரம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். இடுப்பு முழுக்க என்று சொல்லி வந்தவர், உண்மையில் வலப்பக்கம் ஒரு கையகலம்தான் என்று கண்டு வியப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிறகு, வலிக்காத இடம் ஒன்றை, காது மடலையோ உள்ளங்கையையோ, அதே அளவு நேரம் கவனியுங்கள்.

அங்கேயே மனத்தில் ஓடும் வாக்கியங்களும் தெரிய வரும். 'இனிமேல் இப்படியேதான்', 'நான் வீட்டுக்குப் பாரம்' ஆகியவை வலி அல்ல, வலியோடு கூட வருபவை. அவற்றுக்கு மூன்றாம் விடையில் சொன்ன நோட்டுப் பயிற்சி இருக்கிறது. முதல் சில நாட்கள் வலி கூடியதுபோலத் தோன்றலாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு, நடைப் பயிற்சிக்கு மாறுங்கள்.

10. குனியவே பயமா இருக்கு. டிஸ்க் நகர்ந்துடுமோன்னு ஆறு மாசமா எந்த வேலையும் செய்றதில்ல. இது சரிதானே?

முதலில் மருத்துவரிடம் காட்டி, ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலில் பலம் குறைவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமை ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ வலியோடு சேர்ந்திருந்தாலும் தள்ளிப்போடக்கூடாது. அவை எதுவும் இல்லை என்றால், அசையாமல் இருப்பதுதான் இப்போது உங்கள் பிரச்சினை. வலிக்கும் என்று அசையாமல் இருந்தால் தசை வலுவிழக்கிறது; வலுவிழந்த தசை சிறு அசைவுக்கும் வலிக்கிறது; பயம் உறுதிப்படுகிறது.

எங்கள் பயிற்சிக்கு வரும் தையற்கார அக்கா ஒருவர், நல்ல நாளில் விடாமல் ஐந்து மணிநேரம் மிஷினில் உட்கார்ந்து ஆர்டர்களை முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்த படுக்கையாக இருப்பார். இப்போது வலிக்கிறதோ இல்லையோ, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி அடித்ததும் எழுந்து, பாபின் மாற்றுவது, தைத்ததை மடித்து வைப்பது என்று நின்றுகொண்டு செய்யும் வேலையைச் செய்துவிட்டு உட்காருகிறார். வலி அவருக்கு இன்னும் இருக்கிறது. தீபாவளி ஆர்டர்களைப் படுக்காமல் முடித்தார். வலி சொல்லும்போது நிறுத்துவதற்குப் பதில் கடிகாரம் சொல்லும்போது நிறுத்துவது என்ற இந்த ஒரு மாற்றத்தை எல்லோருக்கும் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

11. இதெல்லாம் செஞ்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தக்கூடாது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம். சிலவற்றில் வலிப்புக்கூட வரலாம். குறைப்பதாக இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதே நேரத்தில், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தினமும் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது என்பதால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

12. ரிட்டையர் ஆகணும்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப ஒண்ணுமே பிடிக்கல. நல்ல மாற்றம்தானே, ஏன் இப்படி?

விரும்பி வந்த மாற்றத்திலும் இழப்பு உண்டு. இதைக் கேட்டவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். இன்றும் விடியற்காலை மூன்றரை மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தோளில் பை இல்லாமல் வெளியே போனால் எதையோ மறந்துவிட்டதுபோல இருக்கிறது என்றார். சம்பளம் போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 'அண்ணே, இன்னைக்கு என்ன லேட்டு?' என்று கேட்கும் முகங்கள் போனதுதான் பெரிதாக இருந்தது. மகள் கல்யாணமாகிப் போன வீட்டிலும், சொந்த ஊரை விட்டு மகனோடு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபோன பெற்றோரிடமும் இதையே காண்கிறேன்.

மனம் தேறிய பிறகு வெளியே போகலாம் என்று காத்திருப்பது இந்த நிலையில் பலன் தராது. நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள்: எழும் நேரம், வெளியே போகும் நேரம், மனிதரோடு பேசும் வேளை ஒன்று, கையால் செய்து முடிக்கும் வேலை ஒன்று. பிடிக்காவிட்டாலும் செய்துவிட்டு, செய்தபின் மனநிலை எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள். பிடித்தம் பெரும்பாலும் செயலுக்குப் பின்னால்தான் வருகிறது. அந்த நடத்துநர் இப்போது காலையில் நூலகத்தைத் திறக்கும்போதே வந்து செய்தித்தாள்களை அடுக்கிவைக்கிறார்.

13. அவர் போய் வருஷம் திரும்பப் போகுது. இன்னும் அழறேன். என் மனசு பலவீனமா?

இல்லை அம்மா. துக்கத்துக்கு நாள் கணக்கு இல்லை. மறுப்பு, கோபம் என்று ஐந்து படிகளாகத் துக்கம் போகும் என்று பலர் சொல்கிறார்கள். 1969இல் அதை முன்வைத்த எலிசபெத் கூப்ளர்-ராஸ், தாமே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான் அதை எழுதினார். பறிகொடுத்தவர்கள் அந்தப் படிகளை வரிசையாக ஏற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் சொன்னதே நான் பார்ப்பதற்கு நெருக்கமாக இருக்கிறது. மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் வாழ்க்கையின் பக்கம் வரும். இப்படிப் போய்வருவதுதான் இயல்பு. காலையில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, மாலையில் பேத்தியோடு சிரித்தால் இரண்டும் பொய்யல்ல. சிரித்ததற்காகக் குற்ற உணர்வு கொள்ளாதீர்கள்.

ஆனால் ஆறு மாதம், ஓராண்டு கடந்தும் நாள் முழுதும் அந்த நினைப்பு ஒன்றே நின்று, சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை எல்லாம் குலைந்து கிடந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் அதைத் தனியாகவே சேர்த்திருக்கிறது. அப்போது தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

14. 'தலையெழுத்து, ஏத்துக்கோ'ன்னு பெரியவங்க சொல்றதும் நீங்க சொல்றதும் ஒண்ணுதானே? குடிச்சுட்டு அடிக்கிற புருஷனையும் ஏத்துக்கணுமா?

ஒருபோதும் இல்லை. இந்தப் பயிற்சியை யாராவது அப்படிப் பயன்படுத்தினால் அது அநியாயத்துக்குத் துணைபோவது. நான் ஏற்கச் சொல்வது, இந்த நொடியில் உள்ளத்தில் இருக்கும் பயத்தையும் கோபத்தையும் வலியையும்தான். அவற்றை இல்லை என்று மறைத்துக்கொண்டிருப்பவரால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடிவதில்லை. அடிக்கும் கணவர், கூலியைப் பிடித்துவைக்கும் முதலாளி, சொத்தைப் பிடுங்கும் உறவு ஆகியவற்றுக்கு மூச்சுப் பயிற்சி தீர்வாகாது. தமிழ்நாட்டில் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

சொல்லப்போனால், கோபம் இங்கே எதிர்மறை உணர்வே அல்ல. நடப்பது தவறு என்று அது சொல்கிறது, சரியாகவே சொல்கிறது. மாற்ற முடிவதை மாற்றுவதற்கான தெம்பு வேண்டும் என்பதற்காகத்தான் பயிற்சி. சகித்துக்கொண்டே இருப்பதற்காக இல்லை.

15. உட்கார்ந்தா பழசெல்லாம் மேல வந்து உடம்பு நடுங்குது. பொறுத்துக்கிட்டுத் தொடரணுமா?

தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, தரையில் பாதத்தை அழுத்தி, அறையில் உள்ள பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். விபத்து, வன்முறை, போர், சின்ன வயதில் நேர்ந்த கொடுமை ஆகியவற்றைக் கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில வேளை புண்ணைக் கிளறிவிடும். தியானம் யாருக்கும் தீங்கு செய்யாது என்று சொல்வது உண்மையல்ல. பத்து நாள் விபாசனா முகாம்களில் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் அளவுக்கு அமர வேண்டியிருக்கும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் சேர வேண்டாம் என்று அந்த மையங்களே அறிவுறுத்துகின்றன. உங்களுக்கு ஆறாம் விடையில் சொன்ன நடையும் கைவேலையும் போதும். பழைய காயத்தை, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடுதான் தொட வேண்டும்.

16. செத்துப்போகலாம்னு தோணுது. இதையும் 'எண்ணம்தானே'ன்னு பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

வேண்டாம். இதை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படித் தோன்றுவதால் நீங்கள் கோழையும் அல்ல, பாவியும் அல்ல. தாங்கும் அளவுக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பூச்சிமருந்து, சேர்த்துவைத்த மாத்திரை போன்றவை வீட்டில் இருந்தால் வேறொருவர் கையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அந்த உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது, அப்போது கைக்கெட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

17. எங்க வீட்டுல ஒருத்தர் இப்படி இருக்கார். பயிற்சிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். நாங்க என்ன பண்றது?

வற்புறுத்த வேண்டாம். 'உனக்கென்ன குறை', 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா' என்ற இரண்டு பேச்சையும் வீட்டில் நிறுத்துங்கள்; அவற்றைக் கேட்டுத் தேறியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 'இன்னிக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அறிவுரை சொல்ல வாய் துடித்தாலும் சொல்லாதீர்கள். ஆனால் சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்று சந்தேகம் இருந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

நீங்கள் உங்களுக்காகப் பயிற்சிக்கு வரலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும் தூக்கமில்லாமல், கோபத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். மனைவி பத்து நிமிடம் அமைதியாக உட்காருவதைச் சில வாரம் பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று கேட்டு, தாமும் வந்து சேர்ந்த கணவர்கள் எங்கள் குழுவில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, பின் வரிசையில் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நாங்களும் அவரிடம் எதுவும் கேட்கமாட்டோம்.